புவியின் இதயத்தைக் கண்டறிந்த பெண்: இங்கெ லேமன்

மனிதன் சந்திரனுக்குச் சென்று திரும்பிவிட்டான். ஆனால், தான் நிற்கும் நிலத்துக்குள் அவனால் வெகுதூரம் போக முடியவில்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் துளையிட்டும் எட்டிய ஆழம் 12 கிலோமீற்றரைச் சற்றே தாண்டியது. புவியின் மையமோ 6371 கிலோமீற்றர் ஆழத்தில் இருக்கிறது. ஒரு தோடம்பழத்தின் தோலைக்கூட நாம் இன்னும் முழுதாகத் துளைக்கவில்லை என்றே சொல்லலாம்.

அப்படியிருக்க, புவியின் நடுவில் திண்மமான உள் அகணி ஒன்று இருப்பதாக நமது பாடநூல்கள் எப்படி உறுதியாகச் சொல்கின்றன? அந்த விடையின் பின்னால் ஒரு பெண்ணின் நீண்ட உழைப்பு இருக்கிறது. அவர்தான் இங்கெ லேமன்.

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1888 மே 13 ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தையார் உளவியல் பேராசிரியர். இங்கெ படித்த பாடசாலையை நடத்தியவர் ஹன்னா ஆட்லர் என்ற பெண்மணி. பௌதிகவியல் மேதை நீல்ஸ் போரின் பெரியம்மா அவர். அங்கே ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே பாடங்களைப் படித்தார்கள். உதைபந்தாட்டமும் தையலும் இருபாலாருக்கும் பொதுவாக இருந்தன. அறிவில் ஆண், பெண் என்ற வேறுபாடு இருப்பதாக அந்தச் சிறுமிக்கு யாரும் கற்பிக்கவில்லை. வெளி உலகம் அப்படி இல்லை என்பதைப் பிற்காலத்தில்தான் அவர் கண்டுகொண்டார்.

1907 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்கச் சேர்ந்தார். 1910 இல் இங்கிலாந்தின் கேம்பிரிஜ் சென்றார். அக்காலத்தில் அங்கே பெண்கள் படிக்கலாம், பரீட்சை எழுதலாம். பட்டம் மட்டும் கிடையாது. ஓய்வின்றிப் படித்ததால் அவரது உடல்நிலை தளர்ந்தது. 1911 இல் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு நாடு திரும்பினார்.

அதன்பின் சில ஆண்டுகள் காப்புறுதிக் கணக்கீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை செய்தார். இனி இவருக்குப் படிப்பு இல்லை என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால், அந்த அலுவலகத்தில் எண்களோடு பழகிய பயிற்சி வீண்போகவில்லை. 1918 இல் மீண்டும் பல்கலைக்கழகம் சென்று, 1920 இல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 32.

1925 இல் பேராசிரியர் நோர்லண்டின் உதவியாளரானார். டென்மார்க்கிலும் கிறீன்லாந்திலும் புவிநடுக்கப் பதிவு நிலையங்களை அமைக்கும் பணி அவரிடம் வந்தது. அந்தக் கருவிகளை அவர் அதுவரை கண்டதுமில்லை. தானாகவே நூல்களைப் படித்தும், பிற நாட்டு நிபுணர்களிடம் சென்று கேட்டும் அத்துறையைக் கற்றார். 1928 இல் டென்மார்க் புவியளவை நிறுவகத்தின் புவிநடுக்கவியல் பிரிவுக்குத் தலைவரானார்.

அவர் செய்த கண்டுபிடிப்பை விளங்கிக்கொள்ள, நாம் பௌதிகவியலில் படிக்கும் ஒரு விடயத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். ஒளி வளியிலிருந்து கண்ணாடிக்குள் புகும்போது முறிவடைகிறது. ஒரு பகுதி தெறித்துத் திரும்புகிறது. புவிநடுக்கத்தில் எழும் அலைகளும் அவ்வாறே. அவை புவியின் உள்ளே ஊடுருவி, வேறுபட்ட படைகளைச் சந்திக்கும் இடங்களில் திசை மாறி, மறுபக்கத்தில் வெளிவருகின்றன. அவை எத்தனை மணிக்கு, எங்கே வந்து சேர்ந்தன என்று கணக்கிட்டால், வந்த வழியில் என்ன இருந்தது என்பதை அறியலாம்.

இந்த முறையால் 1906 இல் ஓல்டம் என்பவர் புவிக்கு அகணி உண்டு எனக் காட்டினார். அது சுமார் 2900 கிலோமீற்றர் ஆழத்தில் தொடங்குகிறது எனப் பின்னர் குட்டன்பேர்க் கணித்தார். அகணி முழுவதும் திரவமே என்று அறிஞர்கள் நம்பினர். அகணி அலைகளை வளைத்துவிடுவதால், நடுக்கம் நிகழ்ந்த இடத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் அவை நேராக வந்து சேராத ஒரு நிழல் வலயம் உண்டாகிறது.

1929 ஜூனில் நியூசிலாந்தில் பெரும் புவிநடுக்கம் ஏற்பட்டது. சோவியத் நாட்டு நிலையங்கள் உட்படப் பலவற்றின் பதிவுகளை லேமன் ஒப்பிட்டார். அலைகள் வரக்கூடாத நிழல் வலயத்தில் மெல்லிய அலைகள் பதிவாகியிருந்தன. அவை அகணியின் விளிம்பில் வளைந்து வந்தவை என்று கூறி ஏனையோர் அமைதியடைந்தனர். லேமன் அமைதியடையவில்லை.

கணினி இல்லாத காலம் அது. நடுக்கங்களின் நேரங்களைச் சிறு அட்டைகளில் எழுதி, வெறுமையான ஓட்ஸ் பெட்டிகளில் அடுக்கிவைத்து, தோட்டத்தில் அமர்ந்து கணக்கிட்டதை அவருடைய உறவினர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் எடுத்த வழி எளிமையானது. மேற்பகுதியில் அலையின் வேகம் செக்கனுக்கு 10 கிலோமீற்றர், அகணியில் 8 கிலோமீற்றர் என வைத்துக்கொண்டார். அகணியின் நடுவே அலைகள் இன்னும் விரைவாகச் செல்லும் சிறிய கோளம் ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று கணித்தார். அந்தக் கோளத்தில் தெறித்தும் முறிந்தும் வரும் அலைகள், கருவிகள் காட்டிய அதே இடங்களில் வந்து சேர்ந்தன!

1936 இல் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். உலகிலேயே மிகச் சிறிய தலைப்புடைய ஆய்வுகளில் அதுவும் ஒன்று. ஓர் எழுத்தும் ஒரு சிறு குறியும் மட்டுமே. சில ஆண்டுகளிலேயே குட்டன்பேர்க் உட்படப் பெரும் அறிஞர்கள் அதனை ஏற்றனர். அந்த உள் அகணியின் ஆரை சுமார் 1220 கிலோமீற்றர் என இன்று அறிவோம். அது திண்மமே என்பதற்கு வலுவான சான்று 1971 இல் கிடைத்தபோது லேமனுக்கு 83 வயது.

இத்தனை செய்தும், 1952 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவிக்குப் பரிசீலிக்கப்பட்ட அவருக்கு அது கிடைக்கவில்லை. அதற்காக அவர் முடங்கிவிடவில்லை. 1953 இல் ஓய்வுபெற்ற பின் அமெரிக்காவுக்குச் சென்று ஆய்வைத் தொடர்ந்தார். சுமார் 220 கிலோமீற்றர் ஆழத்தில் அலைகளின் வேகம் திடீரென மாறும் எல்லையொன்று இன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. 1969 இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை வெளிநாட்டு உறுப்பினராக்கியது. 1971 இல் அமெரிக்கப் புவிப்பௌதிக ஒன்றியத்தின் உயர் விருதான போவி பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்ணானார். 1993 பெப்ரவரி 21 ஆம் திகதி, 104 ஆவது வயதில் மறைந்தார்.

அவர் தொடங்கிவைத்த பணி இன்றும் நடக்கிறது. நமது நாட்டின் பல்லேகலையிலும் உலக வலையமைப்பைச் சேர்ந்த பதிவு நிலையம் ஒன்று, தொலைதூர நடுக்கங்களின் அலைகளை இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

உயர்தரம் கற்கும் நாம் ஒரு பரீட்சையில் பின்தங்கினாலே வாழ்க்கை முடிந்ததென்று கலங்குகிறோம். நமது பெற்றோரும் கலங்குகிறார்கள். இங்கெ லேமன் ஏழு ஆண்டுகள் படிப்பைவிட்டு விலகியிருந்தவர். 32 வயதில் பட்டம் பெற்று, 48 வயதில் புவியின் மையத்தைக் கண்டறிந்தவர். தாமதம் தோல்வியல்ல. மற்றவர்கள் பொருட்படுத்தாமல் விட்ட ஒரு சிறு கோட்டைப் பொறுமையோடு உற்றுப் பார்க்கும் மனம் இருந்தால், எவரும் செல்ல முடியாத ஆழத்துக்கும் அறிவு சென்று சேரும்.