அணுவுக்கு அணு இடைவெளி: ஜி.என். இராமச்சந்திரன்

புரதப் படிகங்களின் அமைப்பைக் கணினியில் கட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தத் தொழிலில் ஜி.என். இராமச்சந்திரன் பெயரைச் சொல்லாமல் ஒரு நாளும் கழியாது. அரசலாறு கடலில் சேரும் காரைக்காலில் படித்த நமக்கு அவர் அந்நியரும் அல்லர். காவிரியில் கொஞ்சம் மேலே, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர்.

1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியலுக்குத்தான் சேர்ந்தார்; சர் சி.வி. இராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். அப்போது வயது முப்பதுதான்.

தோலுக்கும் எலும்புக்கும் பலம் தரும் கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். மறு வருஷமே, அவை முப்புரிக் கயிறாக முறுக்கிக் கிடப்பதைக் காட்டினார். கிரிக்கும் ரிச்சும் விடவில்லை. சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். ஹைட்ரஜன் பிணைப்புக் கணக்கில் அவர்கள் சொன்னதே பின்னால் நின்றது. ஆனால் முப்புரி என்ற அடிப்படை அசையவில்லை.

நம்ம ஆளாயிருந்தால் வாய்ச்சண்டைக்குப் போயிருப்போம். அவர் கேள்வியையே மாற்றினார். இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளைத் துருவி எல்லைகளை வகுத்தார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் மேசைக் கணக்குப்பொறியில் கணக்குப் போட்டு, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் கூடாது என்று 1963-ல் ஒரு வரைபடம் தந்தார். அதுதான் உலகம் முழுக்க வழங்கும் 'இராமச்சந்திரன் வரைபடம்'.

என் மேசையில் அந்தப் பாடம் எப்படி உதவுகிறது என்று சொல்கிறேன். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் நுனியில் கந்தகம் உண்டு. அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒன்று, இரண்டு, மூன்று ஆக்சிஜன்கள்வரை ஒட்டிக்கொள்ளும்: சல்ஃபீனிக், சல்ஃபினிக், சல்ஃபோனிக் அமிலங்கள். எக்ஸ் கதிர் தரும் எலக்ட்ரான் அடர்த்திப் படத்தில் கந்தகத்தின் பக்கத்தில் ஒரு மேடு தெரியும். அது தண்ணீரா, ஒட்டிய ஆக்சிஜனா? தண்ணீர் என்று போட்டுவிட்டால் வேலை சுலபம். ஆனால் பிணைப்பில்லாத தண்ணீர் மூன்று ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் விலகித்தான் நிற்கும். மேடு 1.5 முதல் 1.7 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் ஆக்சிஜன் ஒட்டிவிட்டது என்றுதான் பொருள். அதை மறைத்தால் அந்தப் புரதம் வேலை செய்கிற விதமே தப்பாகப் புரியும். அதை நம்பி மருந்து தேடுகிறவர் வழி தவறுவார்.

1971-ல் லட்சுமிநாராயணனோடு அவர் எழுதிய கணித முறை சி.டி. ஸ்கேனுக்கும் பயன்பட்டது. பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். 1977-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர்; 1999-ல் எவால்டு பரிசு. நோபல் கிடைக்கவில்லை. 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

இன்றும் எந்தப் புரத அமைப்பானாலும் அவர் வரைபடத்தில் வைத்துச் சோதித்த பிறகே நம்புகிறார்கள். தம்பி, தங்கைகளே, உங்கள் வேலையில் யாராவது குறை சொன்னால் கோபப்படுமுன் அளவுகோலை எடுங்கள். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை.