எடிசனைப் பாடாய்ப் படுத்திய பாட்டரி!

கோவைச் சீமையில் ஜி.டி. நாயுடுவை அறியாதவர் உண்டா? கலங்கல் கிராமத்தில் பிறந்து, பஸ் ஓட்டி, மோட்டாரும் ரேடியோவும் செய்த அந்த மேதையை இந்தியாவின் எடிசன் என்று மக்கள் போற்றினார்கள்.

அசல் எடிசன் யார்? மின்சார விளக்கையும் பேசும் இயந்திரத்தையும் தந்த அமெரிக்கர் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால், அவரை நெடுங்காலம் வாட்டி எடுத்தது விளக்கு அல்ல. பாட்டரி!

பழனித் தைப்பூசக் கூட்டத்தில் போலீஸ்காரர் கையில் வாக்கி டாக்கி இருக்கிறதே, அதன் வயிற்றில் இருப்பது பாட்டரிதான். தீர்ந்தால் எறிய வேண்டியதில்லை. மறுபடி மின்சாரம் ஏற்றலாம். இந்த வகைப் பாட்டரியோடுதான் எடிசன் மல்லுக் கட்டினார்.

வேலை போயிற்று!

தாமஸ் ஆல்வா எடிசன் 1847 பிப்ரவரி 11-ந் தேதி, ஒஹாயோ மாநிலத்தில் மிலான் என்ற ஊரில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது சில மாதங்களே. பிறகு தாயாரே ஆசிரியை.

சிறு வயதிலேயே ரயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்றார். ஓடும் ரயிலிலேயே ரசாயனச் சோதனையும் நடத்தினார். ஒரு நாள் பெட்டியில் தீப்பிடித்தது. சோதனைக்கூடமும் வெளியே போயிற்று!

அப்புறம் தந்தி ஆபீஸ் வேலை. 1867-ல் லூயிவில் நகரில் இரவுப் பணி. பாட்டரி ஒன்றை வைத்துக்கொண்டு ஏதோ நோண்டினார். கந்தக அமிலம் தரையில் கொட்டியது. பலகை இடுக்கு வழியாக ஒழுகி, கீழே இருந்த மேலதிகாரியின் மேஜையில் விழுந்தது. பொழுது விடிந்தது, எடிசனுக்கு வேலை இல்லை.

அமிலம் வேண்டாம்

1877-ல் பேசும் இயந்திரம். 1879-ல் மின்சார விளக்கு. உலகப் புகழ் வந்தது.

1900-ம் ஆண்டை ஒட்டி அமெரிக்கத் தெருக்களில் பாட்டரிக் கார்கள் ஓடின. அவற்றில் இருந்தது ஈயமும் அமிலமும் கொண்ட பாட்டரி. பெருங்கனம். அமிலமோ பட்ட இடத்தை அரிக்கும்.

அமிலமே இல்லாத பாட்டரி செய்ய எடிசன் முனைந்தார். நிக்கல், இரும்பு, பொட்டாஷ் காரம் கரைத்த நீர் - இவைதான் சரக்கு. அதே காலத்தில் சுவீடன் நாட்டில் யுங்னர் என்பவரும் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார்.

எடிசனின் பாட்டரி கடைக்கு வந்தது. விளம்பரமும் பலமாக நடந்தது. ஆனால், சில பாட்டரிகள் ஒழுகின. சில சீக்கிரமே சோர்ந்துபோயின.

வேறு வியாபாரியாக இருந்தால் வாங்கியவர் மேல் பழி போட்டிருப்பார். எடிசன் உற்பத்தியை நிறுத்தினார். விற்ற சரக்கைத் திரும்ப வாங்கினார். மறுபடி முதலிலிருந்து சோதனை! திருந்திய பாட்டரி வந்தபோது 1910 ஆகிவிட்டது. அதற்குள் ஹென்றி போர்டின் பெட்ரோல் கார் ஊரெல்லாம் ஓடத் தொடங்கியிருந்தது.

உழைப்பு வீண் போகவில்லை. ரயில் சிக்னலுக்கு அந்தப் பாட்டரி உதவியது. சுரங்கத் தொழிலாளி இடுப்பில் அதைக் கட்டிக்கொண்டு, தொப்பியில் விளக்கை மாட்டிக்கொண்டான். முன்பெல்லாம் சுடர் விளக்கு. சுரங்க வாயு பற்றிக்கொண்டால் ஆள் பிழைப்பது அரிது.

கப்பலில் வெடி!

1916 ஜனவரி 15. நியூயார்க்கில் புரூக்ளின் கடற்படைத் தளம். இ-2 என்ற நீர்மூழ்கிக் கப்பலில் எடிசன் பாட்டரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென வெடித்தது! உள்ளே இருந்தவர்களில் சிலர் மாண்டார்கள்.

காரணம், ஹைட்ரஜன் வாயு. பாட்டரி நிறைந்த பிறகும் மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே இருந்தால், அதிலுள்ள நீர் பிரிந்து இந்த வாயு கிளம்பும். ஒட்ட வடியவிட்டாலும், வரிசையில் நோஞ்சானாக இருக்கும் பாட்டரி தலைகீழாக மாறி வாயுவைக் கக்கும். மூடிய இடத்தில் அது தேங்கினால் ஒரு பொறி போதும்.

யார் தவறு என்று விசாரணை நடந்தது. காற்றோட்டம் போதவில்லை என்பது எடிசன் தரப்பின் வாதம். போன உயிர் வருமா?

எடிசன் 1931 அக்டோபர் 18-ந் தேதி காலமானார்.

கையடக்க ரேடியோவில்

எடிசனின் பாட்டரிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். கையில் பிடிக்கும் ரேடியோவுக்கு அது ஒத்துவராது. அங்கே இடம் பிடித்தது யுங்னரின் நிக்கல் - காட்மியம் பாட்டரி. 1991-ல் லித்தியம் பாட்டரி சந்தைக்கு வந்தது. எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் கோபக்காரப் பிள்ளை!

லித்தியத்துக்கு ஏற்றும் முறை வேறு, நிக்கலுக்கு வேறு. சார்ஜர் மாறினால் பாட்டரி கொதித்துத் தீப்பிடிக்கக்கூடும். ரேடியோவுடன் வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். மெத்தை மேலோ, சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைத்து ஏற்றாதீர்கள். நிறைந்ததும் எடுத்துவிடுங்கள். குரல் மங்கினால் ரேடியோவை நிறுத்திச் சார்ஜ் போடுங்கள். ஒட்டக் கறக்க வேண்டாம்.

தனிப் பாட்டரியைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பையில் போடுவது சிலர் வழக்கம். இரண்டு முனைகளையும் உலோகம் தொட்டால் பை பற்றி எரியும்!

பாட்டரி உப்பினால் அதன் ஆயுள் முடிந்தது. குத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது. குப்பையிலும் எறியக் கூடாது. காட்மியம் விஷம். மண்ணில் இறங்கினால் கிணற்றுத் தண்ணீரையும் கெடுக்கும். பழைய பாட்டரியைத் திரும்ப வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.