ரத்தக் குழாயைத் தைத்த அலெக்சிஸ் காரல்

1894 ஜூன் 24. பிரான்சின் லியோன் நகருக்கு வந்த ஜனாதிபதி சாடி கார்னோவை ஒருவன் கத்தியால் குத்தினான். கல்லீரலுக்குச் செல்லும் பெருங்குழாய் அறுந்தது. அதைத் தைக்கும் வித்தை மருத்துவர்களுக்குக் கைவரவில்லை. ஜனாதிபதி சில மணி நேரத்தில் மாண்டார்.

இந்த மரணம், 1873இல் லியோன் அருகே பிறந்த மருத்துவ மாணவர் அலெக்சிஸ் காரலின் மனத்தை உறுத்தியது. பூத்தையல் கலைஞரான ஒரு பெண்மணியிடம் அவர் ஊசி வேலை கற்றார். 1902இல் தம் முறையை வெளியிட்டார். குழாயின் வாயில் சம தூரத்தில் மூன்று தையல்கள், அவற்றை இழுத்தால் வட்டம் முக்கோணமாகும், ஓரங்கள் நேராகும். எதிர்ச்சுவரில் ஊசி மாட்டாது. 1912இல் நோபல் பரிசு கிடைத்தது.

முதல் உலகப் போரில் கொம்பியேன் மருத்துவமனையில், ரசாயன அறிஞர் டேக்கினுடன் சேர்ந்து, கிருமிநாசினி நீரை ரப்பர் குழாய்களால் புண்ணில் பாய்ச்சினார். சீழ் பிடித்து வெட்ட வேண்டியிருந்த கால்கள் பல பிழைத்தன.

பிற்காலத்தில் மனிதரைத் தரம் பிரிக்கும் கொள்கையை ஆதரித்து, ஜெர்மானியருக்குப் பணிந்த விஷி அரசின் கீழ் பணியாற்றியது அவர் பெயருக்கு மாசு. 1944 நவம்பர் 5இல் பாரிஸில் காலமானார்.

1960இல் இத்தையலுக்கு நுண்ணோக்கி துணை வந்தது. 1973இல் மெல்போர்னில், ஒருவரது இடுப்படித் தோலைக் குழாய்களோடு எடுத்து, காயமுற்ற அவர் காலில் பொருத்தினர். விபத்தில் எலும்பு வெளியே தெரியும் கால்களை வெட்டாமல் காக்கும் இன்றைய சிகிச்சைக்கு வேர், காரலின் ஊசிதான்.