அரண்மனையில் ஒரு ரகசிய நோய்
இளவரசி டயானாவின் கதை

அரண்மனையில் வாழ்ந்தவர் டயானா. சமைக்க ஆள் உண்டு. பரிமாற ஆள் உண்டு. ஆனால் சாப்பிட்ட சாப்பாடு அவர் வயிற்றில் தங்கவில்லை!

டயானாவின் அழகைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாரீஸ் நகரில் நடந்த கார் விபத்தும் தெரிந்திருக்கும். பல ஆண்டுகள் அவரை வாட்டி வதைத்த நோயைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. அந்த நோயின் பெயர், புலிமியா.

பிரிந்த பெற்றோர்

1961-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி இங்கிலாந்தில் சாண்டிரிங்காம் என்ற இடத்தில் டயானா பிறந்தார். பிரபு குடும்பம். பணத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அவருடைய 6-வது வயதில் தாயும் தந்தையும் பிரிந்தார்கள். 1969-ல் விவாகரத்து ஆயிற்று. குழந்தைகள் தந்தையிடம் வளர்ந்தார்கள்.

டயானாவுக்குப் படிப்பு ஏறவில்லை. பரீட்சையில் தவறிவிட்டார். லண்டனில் ஒரு சிறுவர் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தார். குழந்தைகள் என்றால் அவருக்கு உயிர்.

1981-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, இளவரசர் சார்லசுக்கும் டயானாவுக்கும் திருமண நிச்சயம் ஆன செய்தி வெளியாயிற்று. சார்லசுக்கு வயது 32. டயானாவுக்கு 19.

ஒரு சொல்

நிச்சயம் ஆன மறு வாரமே நோய் தொடங்கிவிட்டதாக டயானா பிற்காலத்தில் தெரிவித்தார். அவருடைய இடுப்பில் கை வைத்த சார்லஸ், கொஞ்சம் சதை போட்டிருப்பதாகச் சொன்னாராம். சார்லஸ் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ! அந்தச் சொல் டயானாவின் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது.

வெறும் சொல்லால் மட்டும் நோய் வருமா? வராது. பிறந்த வீட்டுத் துயரம் இருந்தது. புது இடத்தில் பயம் இருந்தது. தெருவில் இறங்கினால் போட்டோக்காரர்கள் துரத்தினார்கள். எல்லாம் சேர்ந்துகொண்டன. நாளுக்கு நாள் அவர் மெலிந்தார். கல்யாண உடுப்பைத் தைத்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் பிடித்துச் சிறிதாக்க வேண்டியிருந்தது.

ஜூலை 29-ந் தேதி செயின்ட் பால் தேவாலயத்தில் திருமணம். உலகம் முழுவதும் சுமார் 75 கோடி பேர் டெலிவிஷனில் பார்த்தார்கள். மணப்பெண் நோயாளி என்று அவர்களில் யாருக்குத் தெரியும்?

மாட்டுப் பசி

புலிமியா என்பது கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. மாட்டுப் பசி என்று பொருள். நாம் யானைப் பசி என்கிறோம் அல்லவா? அது போல.

இந்த நோய் உள்ளவர்கள் உடம்பு பெருத்துவிடும் என்று பயந்து பட்டினி கிடப்பார்கள். பட்டினி கிடந்தால் வெறிப்பசி வரும். யாரும் பார்க்காதபோது அளவு இல்லாமல் சாப்பிடுவார்கள். உடனே வெட்கமும் பயமும் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிடுவார்கள். மறுபடியும் பட்டினி. செக்கு மாடு போல இதிலேயே சுற்றுவார்கள்.

பலர் மெலிந்துபோவதும் இல்லை. பார்க்க நன்றாகவே இருப்பார்கள். அதனால் வீட்டில் உள்ளவர்களுக்குக்கூடத் தெரியாது. ஆனால் உள்ளே கேடு நடக்கும். பல் அரித்துப்போகும். கன்னம் வீங்கும். ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு குறையும். அது மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். உயிருக்கே ஆபத்து!

இது திமிர் அல்ல, நோய். ஆண்களுக்கும் வரும். லண்டன் டாக்டர் ஜெரால்டு ரசல் 1979-ல்தான் இதைத் தனி நோய் என்று விவரித்துப் பெயர் கொடுத்தார். அதாவது, டயானாவுக்கு நிச்சயம் ஆவதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்புதான்.

தோழியின் மிரட்டல்

வில்லியம் 1982-லும், ஹாரி 1984-லும் பிறந்தார்கள். நோய் போகவில்லை. டயானா அதை மறைத்தே வைத்திருந்தார்.

பள்ளித் தோழி ஒருத்திக்கு விஷயம் தெரியும். டாக்டரிடம் போகாவிட்டால் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிடுவேன் என்று அவள் மிரட்டினாள். எதிரி செய்கிற காரியம் போல இருக்கிறது. ஆனால் டயானாவைக் காப்பாற்றியது அதுதான்.

மாரிஸ் லிப்செட்ஜ் என்ற மனநோய் டாக்டர் வாரம் ஒரு முறை வந்து டயானாவிடம் பேசினார். நோயைப் பற்றிய புத்தகங்களைப் படிக்கச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக டயானா தேறினார். நடுவே நோய் திரும்பியதும் உண்டு.

இன்றும் முக்கிய சிகிச்சை பேச்சுதான். ஆக்ஸ்போர்டு டாக்டர் கிறிஸ்டோபர் பேர்பர்ன் அதை ஒரு முறையாக வகுத்தார். சுமார் 20 தடவை டாக்டரைப் பார்க்க வேண்டும். சாப்பிட்டதையும் அப்போது மனதில் தோன்றியதையும் நோயாளி நோட்டில் எழுதுவார். வேளை தவறாமல் சாப்பிடப் பழகுவார். பட்டினி நின்றால் வெறிப்பசி குறையும். பிறகு, உடம்பைப் பற்றிய தவறான எண்ணங்களை ஒவ்வொன்றாகப் பேசித் திருத்துவார்கள். சிலருக்கு புளூவாக்சிடின் என்ற மாத்திரையும் டாக்டர் கொடுப்பார். ரத்தப் பரிசோதனையும் உண்டு. வீட்டார் செய்ய வேண்டியது, திட்டாமல், தட்டைப் பார்த்துக் கேலி செய்யாமல், டாக்டரிடம் அழைத்துப் போவதுதான்.

ஊர் அறியச் சொன்னார்

1993 ஏப்ரலில் லண்டனில் இந்த நோய்கள் பற்றி ஒரு மாநாடு நடந்தது. டயானா மேடை ஏறிப் பேசினார். 1995 நவம்பரில் டெலிவிஷன் பேட்டியில், பல ஆண்டுகள் தனக்கே புலிமியா இருந்ததை ஒப்புக்கொண்டார். அந்தப் பேட்டியை வாங்கிய விதம் மோசடி என்று 2021-ல் நடந்த விசாரணையில் தெரியவந்தது. ஆனாலும் நோயைப் பற்றி அவர் சொன்னது வீண்போகவில்லை. அந்த ஆண்டுகளில் பிரிட்டனில் பல பெண்கள் வெட்கத்தை விட்டு டாக்டரிடம் போனார்கள்.

1996-ல் சார்லசுடன் விவாகரத்து ஆயிற்று. 1997 ஆகஸ்டு 31-ந் தேதி பாரீசில் டயானா இறந்தார். வயது 36. ஆல்தார்ப் என்ற குடும்பப் பண்ணையில், ஏரி நடுவே உள்ள சின்னத் தீவில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.