யார் இந்த வில்லி ஸ்மித்? ஸ்ட்ரீட்வேரை சம்பளக்காரப் பெண்களுக்குக் கொடுத்த டிசைனர்

தொளதொள பேன்ட், தோளில் இருந்து வழியும் சட்டை, காலில் ஸ்னீக்கர். பெண்களுக்கான ஸ்ட்ரீட்வேர் என்று ஷாப்பிங் ஆப்பில் தேடினால் வருவது இதுதான். பெரிய பிராண்ட் என்றால் விலையைப் பார்த்ததும் தலை சுற்றும். ஆனா, வேலைக்குப் போகும் பெண் தன் சம்பளத்திலேயே வாங்க முடிகிற தெரு உடையை 1970-களிலேயே விற்றுக் காட்டினார் ஒருவர். அவர்தான் நியூயார்க்கின் கறுப்பின டிசைனர் வில்லி ஸ்மித்.

1948-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். பாட்டி வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனவர். அந்தப் பழக்கத்தில்தான் ஆர்னால்டு ஸ்காசி என்ற டிசைனரிடம் பேரனுக்குப் பயிற்சி கிடைத்தது. எலிசபெத் டெய்லர் போன்றவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த இடம் அது. பணக்காரர் உடை எப்படித் தயாராகிறது என்பதை அங்கே பார்த்தவர், பிறகு போனது நேர் எதிர்த்திசையில். 1965-ல் ஸ்காலர்ஷிப்பில் பார்சன்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டே வருடத்தில் பட்டம் வாங்காமல் வெளியேறினார்.

பம்பாயில் தொடங்கிய பிராண்ட்

1976-ல் லாரி மாலே என்ற பெண்ணுடன் சேர்ந்து 'வில்லிவேர்' நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் கலெக்‌ஷனுக்காக இருவரும் வந்தது நம்ம பம்பாய்க்கு. இங்கே கிடைத்த பருத்திதான் மூலதனம் மாதிரி. வீட்டிலேயே துவைக்கலாம், விலையும் கட்டுப்படும்.

வியாபார மூளையும் இருந்தது. இடுப்பில் சுற்றிக் கட்டும் பேன்ட், தொளதொள சட்டை என்று தைத்ததால் ஒரே உடை பல உடல்வாகுக்குப் பொருந்தியது. போன சீசனில் வாங்கிய பேன்ட்டுக்கு இந்த சீசன் சட்டையை ஜோடி சேர்க்கலாம். அதுவும் கட்டுப்படி ஆகவில்லையா? பட்டரிக், மெக்கால்ஸ் நிறுவனங்கள் வழியாக இவரது டிசைன்கள் பேப்பர் கட்டிங்காகவும் விற்றன. வாங்கி வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். இன்று எந்தப் பெரிய பிராண்ட் இதைச் செய்யும்?

மொத்த வியாபாரிகள் வந்து ஆர்டர் கொடுக்கும் ஷோரூமையே 1982-ல் தெருவாக மாற்றினார். பழைய குழாய், கம்பி வேலி, செங்கல் என நகரத்தில் கிடைத்த பொருட்களை வைத்தே உள்ளே அலங்காரம். மறுவருடம் பெண்கள் உடைக்கான கோட்டி விருது வந்தது. 1986-ல் விற்பனை 2.5 கோடி டாலரைத் தாண்டியது.

39 வயதில்

1987 ஏப்ரல் 17. எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தபோது வயது 39. அதற்குச் சற்று முன்புதான் துணி வாங்க மீண்டும் இந்தியா வந்து போயிருந்தார். அதே வருடம் ஸ்பைடர்மேன் காமிக்ஸில் மேரி ஜேன் கல்யாணத்துக்கு உடுத்திய கவுன் இவர் டிசைன். அந்த இதழ் வந்தபோது அவர் இல்லை.

பிராண்ட் சில வருடம் ஓடி மங்கிப்போனது. அடுத்து வந்த சந்தையில் சர்ஃபிங், ஸ்கேட்டிங் பையன்களின் டி-ஷர்ட்டும் லோகோவும் ஆதிக்கம் செலுத்தின. குறைவாகத் தயாரித்து, கியூவில் நிற்கவைத்து, ரீசேலில் பல மடங்குக்கு விற்கும் பழக்கம் வந்தது. ஸ்ட்ரீட்வேர் வரலாறு என்று எழுதுபவர்களில் பலர் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். வில்லியின் பெயர் விடுபட்டுப் போவது அப்படித்தான்.

2020 மார்ச்சில் நியூயார்க்கின் கூப்பர் ஹெவிட் மியூசியம் இவருக்காக ஒரு கண்காட்சி நடத்தியது. திறந்த கையோடு கொரோனா வந்து மூடவேண்டியதாயிற்று. ஆனாலும் ஆன்லைனில் ஓர் ஆவணக்காப்பகம் திறந்திருந்தது. வில்லியோடு வேலை பார்த்தவர்களும் அவர் உடையைப் போட்டவர்களும் தங்கள் நினைவுகளை அதில் எழுதினார்கள்.