புதுச்சேரியில் வாழ்ந்த பியர் சொன்னெரா



நம்ம பள்ளியில இருந்து புதுச்சேரிக்குச் சுற்றுலா போனோம் இல்லையா? கடற்கரை, காந்தி சிலை, பாரதி பூங்கா எல்லாம் பார்த்தோம். எல்லாரும் ஐஸ் வாங்க ஓடினபோது நான் மட்டும் ஒரு மஞ்சள் சுவர் மேலே தொங்கிய காகிதப்பூவை எடுத்து நோட்டுக்குள்ளே வைத்தேன். அதைப் பார்த்த அறிவியல் டீச்சர் திட்டவில்லை. இந்தப் பூவைத் தேடிக் கண்டுபிடித்தவரின் மாணவர் ஒருவர் இதே ஊரில் பல வருஷம் வாழ்ந்தார் என்று சொன்னார். அவர்தான் பியர் சொன்னெரா. டீச்சர் சொன்னதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சொன்னெரா 1748-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரத்தில் பிறந்தார். 20 வயசில் கப்பல் ஏறி மொரீஷியஸ் தீவுக்குப் போனார். அப்போது அந்தத் தீவு பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. அங்கே அவருடைய உறவுக்காரர் ஒருவர் பெரிய அதிகாரி. அவர் பெயர் பியர் புவாவ்ர். பிரெஞ்சு மொழியில் புவாவ்ர் என்றால் மிளகு! பேருக்கு ஏத்த மாதிரியே அவருக்கு மசாலாச் செடிகள் மேல்தான் ஆசை. அந்தக் காலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரர்கள் கையில் இருந்தன. ஒரு செடியைக்கூட அவர்கள் வெளியே விட மாட்டார்கள். எப்படியாவது அதைக் கொண்டுவந்து மொரீஷியஸில் வளர்க்கணும் என்று புவாவ்ர் நினைத்தார். சொன்னெரா அவரிடம் எழுத்து வேலைக்குத்தான் சேர்ந்தார்.

ஆனால் அதே 1768-இல் அந்தத் தீவில் ஒரு பெரிய விஞ்ஞானி வந்து இறங்கினார். அவர் பெயர் பிலிபேர் கொமெர்சோன். புகேன்வில் என்ற தளபதியின் கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்தவர். வழியில் பிரேசில் நாட்டில் காகிதப்பூச் செடியைப் பார்த்தார். தளபதியின் பெயரால்தான் அதற்குப் போகன்வில்லா என்று பெயர் வந்தது. கொமெர்சோனோடு உதவியாளராக வந்தவர் ழான் பாரே என்ற பெண். கப்பலில் பெண்களை ஏற்ற மாட்டார்கள் என்பதால் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு வந்தார். மலை மேலே ஏறிச் செடி பறிப்பது, மூட்டை தூக்குவது எல்லாம் அவர்தான். கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்த முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. நம்ம வகுப்புப் பெண்கள் இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

கொமெர்சோன்தான் சொன்னெராவுக்கு ஆசிரியர். செடி, பறவை, மீன் எதுவானாலும் எப்படிக் கவனித்துப் பார்ப்பது, எப்படிப் படம் வரைவது, எப்படிக் குறிப்பு எழுதுவது என்று கற்றுக்கொடுத்தார். வகுப்பறை கிடையாது. காடும் கடற்கரையும்தான் பள்ளிக்கூடம்.

1771-இல் புவாவ்ர் அனுப்பிய கப்பலில் சொன்னெரா புறப்பட்டார். வழியில் சீஷெல்ஸ் கூட்டத்தில் பிராலன் என்ற தீவில் இறங்கினார். அங்கேதான் இரட்டைத் தேங்காய் மரத்தைப் பார்த்து எழுதினார். உலகத்திலேயே பெரிய விதை அதுதான். ஒரு காய் 15 கிலோவைக்கூடத் தாண்டும். நம்ம ஊர் தென்னையில் அது காய்த்தால் கீழே யாரும் நிற்க முடியாது! பிறகு பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குப் போய் லூசோன், பனாய் என்ற இடங்களில் பறவைகளைப் பார்த்து வரைந்தார். 1772-இல் கப்பல் ஜாதிக்காய், கிராம்புச் செடிகளோடு மொரீஷியஸ் திரும்பியது. அடுத்த வருஷமே அவருடைய ஆசிரியர் கொமெர்சோன் இறந்துவிட்டார்.

1776-இல் சொன்னெரா முதல் புத்தகம் வெளியிட்டார். நியூகினித் தீவுக்குப் போன பயணம் என்று அதற்குப் பெயர் வைத்தார். அதிலே நியூகினியின் பென்குவின்கள் என்று மூன்று படம் போட்டார். குக்கபரா என்ற சிரிக்கும் பறவையையும் அங்கே உள்ளது என்று எழுதினார். இங்கேதான் அவர் தப்புப் பண்ணிவிட்டார். நியூகினி வெயில் நாடு. அங்கே பென்குவினே கிடையாது! அந்தச் சிரிக்கும் பறவையும் ஆஸ்திரேலியாவில்தான் இருக்கிறது. சொன்னெரா நியூகினிக்குப் பக்கத்துத் தீவு வரைக்கும்தான் போனார், அந்தத் தீவில் கால் வைக்கவே இல்லை. வேறு யாரிடமோ இருந்த பறவைத் தோலைப் பார்த்து வரைந்திருப்பார் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் அப்போது மற்ற விஞ்ஞானிகள் அவரை நம்பினார்கள். நம்பி அறிவியல் பெயரும் வைத்துவிட்டார்கள். ஒரு பென்குவினுக்கு 1781-இல் வைத்த பெயரில் பாப்புவா என்று வருகிறது. பாப்புவா என்றால் நியூகினிதான். குக்கபராவுக்கு 1783-இல் வைத்த பெயரிலும் நியூகினி இருக்கிறது. முதலில் வைத்த பெயரை மாற்றக் கூடாது என்பது அறிவியல் விதியாம். அதனால் 240 வருஷம் ஆகியும் அந்தப் பொய் அப்படியே ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

இத்தனைக்கும் அவர் திறமை இல்லாதவர் இல்லை. 1774 முதல் 1781 வரை இந்தியா, சீனா, மடகாஸ்கர் என்று மறுபடியும் சுற்றினார். மடகாஸ்கரில் அய்-அய் என்ற இரவு விலங்கைப் பார்த்து உலகத்துக்கு முதலில் சொன்னவர் அவர்தான். அது மரத்தைத் தட்டித் தட்டி உள்ளே இருக்கிற புழுவை எடுக்கும். அதற்காகவே நடு விரல் குச்சி மாதிரி மெலிசாக இருக்கும். சொன்னெரா ஆணும் பெண்ணுமாக இரண்டை உயிரோடு வைத்துச் சோறு போட்டு வளர்த்தார். சீனாக்காரர்கள் குச்சியால் சாப்பிடுவதுபோல அவை மெல்லிய விரலால் சோறு தின்றனவாம். பாவம், இரண்டு மாசம்தான் உயிரோடு இருந்தன. இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான் எழுத முடியும்.

1782-இல் இந்தியா, சீனா பயணம் பற்றி அவர் புத்தகம் வந்தது. நம்ம சோழமண்டலக் கரையில் உள்ள கோயில்கள், பண்டிகைகள், மக்கள் செய்யும் தொழில்கள் எல்லாம் படத்தோடு அதில் இருக்கின்றன. நம்ம காட்டுக்கோழியைப் பற்றியும் எழுதினார். சாம்பல் நிற உடம்பு, கழுத்து இறகில் மெழுகு சொட்டு வைத்த மாதிரி மஞ்சள் புள்ளிகள். இந்தியாவைத் தவிர வேறு எந்த நாட்டுக் காட்டிலும் இது கிடையாது. 1813-இல் இதற்கு காலஸ் சொன்னெராட்டி என்று அவர் பெயரையே வைத்தார்கள். இந்தப் பெயர் பொருத்தமான பெயர். ஏன்னா இது அவர் வந்த நாட்டுப் பறவை!

வீட்டுக்கோழி எல்லாம் செந்நிறக் காட்டுக்கோழியில் இருந்து வந்தது என்று டார்வின் சொன்னார். ஆனால் கோழியின் மஞ்சள் தோலுக்கு உரிய மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியில் இருந்து வந்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். எங்க ஆயா வளர்க்கிற மஞ்சள் கால் கோழியை இப்போ நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

1786-இல் சொன்னெரா புதுச்சேரிக்கே திரும்பி வந்தார். யானாமில் அதிகாரியாக இருந்தார். 1793-இல் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களின் ஊர்களைப் பிடித்தபோது அவரும் கைதியானார். 1813 வரை புதுச்சேரியில்தான் இருந்தார். மொரீஷியஸுக்குக் கப்பல் ஏறியபோது 20 வயசு, புதுச்சேரியை விட்டுப் போனபோது 65 வயசு. 1814-இல் பாரிஸில் இறந்தார்.

இப்போ ஒரு விஷயம் சொல்லணும். போன பருவத்தில் நம்ம ஊர்ப் பறவைகளைப் பார்த்துப் பட்டியல் எழுதச் சொன்னார்கள். நான் எட்டுப் பறவைதான் பார்த்தேன். மரங்கொத்தி, ஆந்தை, மீன்கொத்தி, பஞ்சுருட்டான் என்று இன்னும் நாலைப் படத்தைப் பார்த்து எழுதி, ஏரிக்கரையில் பார்த்தேன் என்று போட்டேன். முழு மார்க் கிடைத்தது. சொன்னெராவின் பென்குவினைப் படித்த அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. மறுநாள் டீச்சரிடம் உண்மையைச் சொல்லி, நாலு பெயரையும் சிவப்புப் பேனாவால் அடித்தேன். மார்க் குறைந்தது. அழுகைதான் வந்தது.

அதுக்கப்புறம் தினமும் காலையில் தண்ணி எடுக்கப் போகும்போது ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பத்தொன்பது நாள் ஆச்சு. மீன்கொத்தியை உண்மையாகவே பார்த்துவிட்டேன். கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து, தொப்பென்று தண்ணியில் விழுந்து மீனோடு மேலே வந்தது. ஒன்பதாவது பெயராக அதை நீல மையில் எழுதியிருக்கிறேன். இன்னும் மூன்று பாக்கி.

தோழர்களே, நீங்களும் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஏரிக்கரையில் ஆந்தையைப் பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள். ஆனால் நானே வந்து பார்த்த பிறகுதான் எழுதுவேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி