புலியின் வயிற்றில் ஒரு வாத்தியம்!
திப்பு சுல்தானின் கதை

1799-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி. உச்சி வெயில் நேரம். காவிரி சூழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டையில், வடமேற்கு மூலையில் பீரங்கி பிளந்த மதில் வழியாக வெள்ளையர் படை உள்ளே புகுந்தது. பொழுது சாய்வதற்குள் கோட்டை விழுந்தது. அன்று இரவு, மதிலை ஒட்டிய ஒரு வாசலில், பிணங்களுக்கு நடுவே மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் உடலைத் தீப்பந்த வெளிச்சத்தில் தேடிக் கண்டெடுத்தார்கள்.

பிறகு கொள்ளை தொடங்கியது. தங்கத் தகடு போர்த்திய சிம்மாசனத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பங்கு போட்டார்கள். நகைகளையும் வாள்களையும் புத்தகங்களையும் கணக்கெடுத்தார்கள். அரண்மனையில் இசைக் கருவிகளுக்கென்றே ஓர் அறை இருந்தது. ராக மகால் என்று அதற்குப் பெயர். அங்கே நுழைந்தவர்கள் திகைத்து நின்றார்கள்.

மரத்தால் செய்த ஒரு பெரிய புலி! அதன் காலடியில், சிவப்புச் சட்டையும் தொப்பியும் அணிந்த ஒரு வெள்ளைக்காரன் மல்லாந்து கிடந்தான். புலி அவன் கழுத்தைக் கவ்வியிருந்தது. பக்கத்தில் இருந்த கைப்பிடியைச் சுற்றினால் அவன் அலறுவான், புலி உறுமும்!

அது வெறும் பொம்மை அல்ல; ஒரு வாத்தியம். வாளோடும் குதிரையோடும் மட்டுமே நினைக்கப்படும் திப்புவின் வாழ்க்கையில் இன்னொரு பக்கம் உண்டு என்பதற்கு அந்த மரப்புலியே சாட்சி.

ஆற்காட்டில் கிடைத்த பெயர்

திப்பு பிறந்தது 1751-ம் ஆண்டு வாக்கில், பெங்களூரை அடுத்த தேவனஹள்ளியில். தந்தை ஹைதர் அலி. தாயார் பக்ருன்னிஸா. தமிழ்நாட்டில் ஆற்காட்டில் அடக்கமாகி இருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா என்ற பெரியவரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள்.

ஹைதருக்குப் படிப்பு இல்லை. ஆனால் கைத்தொழிலின் அருமை தெரியும். மைசூர் படையின் சார்பில் திண்டுக்கல் கோட்டையை நிர்வகித்தபோதே, பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு அங்கே ஆயுதத் தொழிற்கூடம் அமைத்தவர் அவர். 1761-ல் மைசூரின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. தமக்குக் கிட்டாத கல்வி மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆசிரியர்களை வைத்துப் படிக்கச் செய்தார். திப்பு பின்னாளில் சேர்த்த நூலகத்தில் ஏறத்தாழ 2,000 நூல்கள் இருந்தன.

1780-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் பெரும் போர் நடந்தது. கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்து முறியடித்தார்கள். உதவிக்கு வரவேண்டிய தளபதி ஹெக்டர் மன்ரோ சில மைல் தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்தார். செய்தி கேட்டதும் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். இந்த மன்ரோவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மரப்புலியின் கதையில் அவர் மறுபடியும் வருவார்.

மன்னரின் தொழிற்கூடங்கள்

1782-ம் ஆண்டு டிசம்பரில் சித்தூர் பக்கம் முகாமிட்டிருந்த ஹைதர் இறந்தார். திப்பு பட்டத்துக்கு வந்தார். அடுத்த 17 ஆண்டு காலத்தில் பெரும் பகுதி போரிலேயே கழிந்தது. குடகிலும் மலபாரிலும் அவர் படை செய்த கொடுமைகளை அந்த நாட்டு மக்கள் இன்றும் மறக்கவில்லை. சிருங்கேரி மடம் மராட்டியப் படையால் சூறையாடப்பட்டபோது பணமும் பொருளும் அனுப்பிச் சீர் செய்தவரும் அவரே. இரண்டும் நடந்தவைதான்.

போருக்கு நடுவிலும் அவர் கவனம் தொழிற்கூடங்களை விட்டு அகலவில்லை. தாரா மண்டல் என்ற பெயரில் ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர் முதலிய ஊர்களில் தொழிற்பேட்டைகளை ஏற்படுத்தினார். துப்பாக்கியும் பீரங்கியும் அங்கே உருவாயின. இரும்புக் குழாயில் மருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகள் வெள்ளையரைத் திணற அடித்தன. பின்னாளில் இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் ராக்கெட் செய்ய அவையே வழிகாட்டின. பட்டுப்பூச்சி வளர்ப்பைப் பல ஊர்களில் பரப்பினார்.

வெளிநாட்டுக் கைவினைஞர்கள் மீது அவருக்குத் தீராத ஆசை. 1787-ம் ஆண்டு பிரான்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் மூன்று தூதர்களை அனுப்பினார். படை உதவி கேட்டதோடு, கடிகாரம் செய்வோரும் கண்ணாடி, பீங்கான் வேலை தெரிந்தவர்களும் வேண்டும் என்றும் கேட்டார். படை கிடைக்கவில்லை. தொழிலாளர்கள் சிலர் மட்டும் கப்பலேறி வந்தார்கள்.

இசையும் அவருக்கு விருப்பமானது. அசன் அலி இஸ்ஸத் என்ற புலவர் அரண்மனை ஆடல் பாடலுக்கான பாட்டுகளைப் பாரசீகத்திலும் தக்கணி மொழியிலும் தொகுத்து, முபர்ரிஹ் உல் குலூப் என்று பெயரிட்டார். மனதை மகிழ்விப்பது என்று அதற்குப் பொருள். அந்தக் கையெழுத்துப் பிரதிகள் இன்றும் நூலகங்களில் உள்ளன.

பாதி ராஜ்யம் போயிற்று

1792-ம் ஆண்டு திப்புவின் வாழ்க்கையில் பேரிடி விழுந்தது. கார்ன்வாலிஸ் தலைமையில் வந்த ஆங்கிலப் படையும், நிஜாம், மராட்டியர் படைகளும் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டன. திப்பு பணிய வேண்டியதாயிற்று. ராஜ்யத்தில் பாதி போனது. சேலம், கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகால் சீமையும், தந்தை ஆண்ட திண்டுக்கல்லும் கும்பினியார் கைக்குச் சென்றன. நஷ்ட ஈடு 3 கோடியே 30 லட்சம் ரூபாய். அது கட்டி முடியும் வரை பிள்ளைகள் இருவர் பிணை! பத்து வயது கூட நிரம்பியிராத அந்தச் சிறுவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். 1794-ல்தான் அவர்கள் தந்தையிடம் திரும்பினார்கள்.

அதே 1792-ம் ஆண்டு டிசம்பர் மாதம் வங்காளத்தில் ஒரு சம்பவம். கங்கை கடலில் கலக்கும் சாகர் தீவில் வேட்டைக்குப் போன ஓர் இளம் வெள்ளைக்காரரைப் புலி கவ்விச் சென்றது. அவர் பிழைக்கவில்லை. அவர் பெயர் ஹ்யூ மன்ரோ. காஞ்சிபுரத்திலிருந்து பின்வாங்கிய அதே தளபதி ஹெக்டர் மன்ரோவின் மகன்!

மரப்புலி செய்யப்பட்டது 1793-ம் ஆண்டு வாக்கில் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். மன்ரோவின் மகன் மாண்ட செய்திதான் அதற்குத் தூண்டுகோல் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நேரான ஆதாரம் இல்லை. ஆனால் திப்புவுக்குப் புலிதான் சின்னம். சிம்மாசனத்தில் புலித்தலை, பீரங்கி வாயில் புலித்தலை, சிப்பாய்களின் உடையில் புலிக்கோடு. போர்க்களத்தில் தோற்று, பிள்ளைகளைப் பிணை கொடுத்த ஒரு தகப்பன், தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட வெற்றி அது என்று சொன்னால் தவறில்லை.

எப்படிச் செய்தார்கள்?

புலியின் நீளம் ஆறடிக்குச் சற்றுக் குறைவு. உயரம் இரண்டே கால் அடிக்குச் சற்றுக் கூடுதல். மரத்தைச் செதுக்கி, உள்ளே குடைந்து, சுமார் அரை அங்குல கனத்துக்குக் கூடு போல ஆக்கியிருக்கிறார்கள். அதன் மேல் மஞ்சளும் கறுப்புமாக வர்ணம் பூசினார்கள்.

வீணைக் குடம் குடைகிற தச்சரிடம் கேட்டால் இந்த வேலையின் அருமையைச் சொல்வார். கனம் கூடினால் நாதம் மங்கும். உளி கொஞ்சம் தவறி உள்ளே போனால் அத்தனை நாள் உழைப்பும் வீண். இந்தப் புலியின் உள்ளேயோ, நாதத்துக்கு மட்டுமல்ல, ஒரு முழு இயந்திரத்துக்கே இடம் விட வேண்டியிருந்தது.

கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்தி அசையும். காற்று, கிடக்கும் மனிதனின் தொண்டையில் வைத்த குழல் வழியே வாய்க்கு வரும். அதுதான் அலறல். அவனது இடது கை மேலும் கீழும் அசையும். புலியின் தலைக்குள் வேறொரு குழல். அது இரண்டு தொனியில் ஒலிக்கும். அதுதான் உறுமல். ஒலி அடைபடாமல் வெளியே வரத் தலையில் துளைகள் வேண்டும். துளையிட்டால் அழகு கெடுமே! அதற்கும் வழி கண்டார்கள். புலியின் கறுப்புக் கோடுகளுக்குள்ளேயே துளைகளை மறைத்துவிட்டார்கள்.

விலாவில் ஒரு மூடி. அதைத் திறந்தால் தந்தத்தால் ஆன 18 கட்டைகள் வரிசையாக இருக்கும். புலியின் வயிற்றில் பித்தளைக் குழல்கள். ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, இன்னொருவர் ஆர்மோனியம் வாசிப்பது போல விரலால் அழுத்திப் பாட்டே வாசிக்கலாம். முதுகுப் பகுதியைப் பிடித்திருப்பவை நான்கு திருகாணிகள். அவற்றைக் கழற்றி மூடியை எடுத்தால் உள்ளே பழுது பார்க்கலாம். செய்தவர்கள் பின்னால் வரும் மராமத்துக்காரரையும் நினைத்திருக்கிறார்கள்!

இயந்திர வேலையில் பிரெஞ்சுக்காரரின் பங்கு இருக்கலாம் என்பது பலர் கருத்து. ஆனால் குழல்களின் உலோகத்தைச் சோதித்ததில், அது நம் நாட்டிலேயே செய்யப்பட்டது என்று தெரிந்தது. மரவேலையோ, கோயில் வாகனங்கள் செய்யும் தென்னாட்டுச் சிற்பிகளின் மரபில் வந்தது. யாளியும் சிங்கமும் செதுக்கிப் பழகிய கைகள், சுல்தானுக்காகப் புலியைச் செதுக்கின.

கப்பலேறிய புலி

ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் குடிவைத்தார்கள். 1806-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, மைசூர் சுல்தானின் கொடியைக் கோட்டையில் ஏற்றினார்கள். அன்றே கிளர்ச்சி அடக்கப்பட்டது. திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மரப்புலியோ அதற்குமுன்பே லண்டனுக்குக் கப்பலேறியிருந்தது. 1808-ல் கும்பினியாரின் தலைமை அலுவலகத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது. வருகிறவர் போகிறவர் எல்லாம் கைப்பிடியைச் சுற்றி அலற வைக்க, பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவர்களுக்குப் பெரும் தொல்லை! ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் கூடத் தம் பாட்டு ஒன்றில் இந்தப் புலியைக் கேலியாகக் குறிப்பிட்டார்.

1880-ம் ஆண்டு வாக்கில் அது இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து, கூரை இடிந்ததில் புலி நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறியது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒட்டி, 1947-ல் மறுபடியும் நிறுத்தினார்கள். இந்தியா விடுதலை பெற்ற அதே ஆண்டு!

எஞ்சி நிற்பவை

ஞாயிற்றுக்கிழமைகளில் மைசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பஸ் ஏறி ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் நம்மவர்கள் ஏராளம். ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, தரியா தௌலத் மாளிகையில் பொள்ளிலூர்ப் போர் ஓவியத்தைப் பார்க்கலாம். கும்பஸில் தாய் தந்தையர் அருகே திப்பு உறங்குகிறார். கோயிலுக்குப் பக்கத்தில் அவரது அரண்மனை லால் மகாலின் அடித்தளம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. புலி உறுமிய மாளிகை இன்று வெறும் கல்வரிசை.

தலைநகர் 1799-லேயே மைசூருக்கு மாறியது. உடையார் மன்னர்களின் ஆதரவில் அங்கே வீணை தழைத்தது. வீணை சேஷண்ணாவின் புகழ் நாடெங்கும் பரவியது. நூக்க மரத்தில் தந்தம் பதிக்கும் மைசூர் வேலையும் பேர் பெற்றது.

லண்டனில் நிற்கும் வாத்தியத்தை உலகம் திப்புவின் புலி என்று அழைக்கிறது. செய்யச் சொன்னவர் பெயர் நிலைத்துவிட்டது. மரம் குடைந்த தச்சர், குழல் வார்த்த கன்னார், கோட்டுக்குள் துளையை ஒளித்த வர்ணக்காரர் ஆகியோரின் பெயர்களை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. கோட்டை போயிற்று, சிம்மாசனம் போயிற்று; குண்டு விழுந்து சிதறிய பிறகும் அவர்களின் கைவேலை மட்டும் ஒலிக்கும் நிலையில் இருக்கிறது.